சோற்று அண்டாவுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம்

உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் என்ன ஆகும் என்று பவானி கூடுதுறையில் மூன்று ஐயர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஜெர்மனிக்கு விமானம் ஏறினேன். ஒருவர் தோஷம் என்றார். இன்னொருவர் அது போய்ச் சேராது, இறைத்தவருக்கே திரும்பி வந்துவிடும் என்றார். மூன்றாமவர், இந்தச் சந்தேகம் இதுவரை யாருக்கும் வந்ததில்லையே என்றார். எங்கள் வீட்டுக்குத்தான் இப்படியெல்லாம் வரும்.

என் அப்பா இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பாதை போடும் பிரிவில் இருந்தவர். ஆப்பிரிக்காவில் எரித்திரியா மலைகளுக்கு நடுவே இத்தாலிக்காரர்கள் வெடிவைத்து மூடிவிட்டுப் போன கணவாயில் பாறை அகற்றிக்கொண்டிருந்தார்களாம். மதியச் சோறு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டடுக்கு இறக்கை வைத்த விமானம் ஒன்று தாழ வந்து சுட்டது. எல்லோரும் பாறைகளுக்குப் பின்னால் பாய்ந்துவிட்டதால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோற்று அண்டாதான் சல்லடையாகிவிட்டது. விமானம் வட்டமடித்து மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அது சுடவில்லை. ஓட்டுகிறவனின் முகம் தெரிகிற உயரத்தில் சும்மா தலைக்கு மேலே போனது. அப்பா சுட்டார். கரும்புகை விட்டுக்கொண்டே போய் மலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"அவன் சுடலை. நான் சுட்டுப்போட்டேன்" என்பார் அப்பா. போரைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு புரட்டாசி அமாவாசைக்கும் கூடுதுறையில் எங்கள் முன்னோர்களுக்கெல்லாம் இறைத்து முடித்தபின், கடைசியாக ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் அந்தப் பேர் தெரியாத இத்தாலிக்காரனுக்கு. சொந்தமில்லாதவர்களுக்கும் அன்றைக்கு இறைக்கலாம் என்பதால் ஐயரும் தடுப்பதில்லை. பேர் என்ன என்று வழக்கம்போலக் கேட்பார். தெரியாது என்று அப்பா வழக்கம்போலச் சொல்வார். சின்ன வயதில் நானும் தங்கையும் அந்த இத்தாலிக்காரரை எங்கள் தூரத்துச் சித்தப்பா என்றே நினைத்திருந்தோம்.

இதை நான் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதப்போய்த்தான் வினை வந்தது. டோர்ட்மண்டிலிருந்து ஜெயசீலன் என்ற இலங்கை மன்னார்க்காரர் மின்னஞ்சல் அனுப்பினார். அகதியாக ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஓர் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தாராம். அந்த இத்தாலிய முதலாளி போரில் எரித்திரியாவில் சண்டை விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர், மலைக்குள் விழுந்து இந்தியச் சிப்பாய்களிடம் பிடிபட்டவர் என்று எழுதியிருந்தார். நான் ஆர்வக்கோளாறில் அதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நல்ல செய்தி, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷர் படுத்துவிட்டார்.

அவர் பிரச்சினை இதுதான். அந்த ஆள் இவனேதான் என்றால், உயிரோடு இருப்பவனுக்கு அறுபது வருஷமாக எள் இறைத்து அவன் ஆயுசைக் குறைத்திருக்கிறோம். இவன் வேறு யாரோ என்றால், செத்தவனுக்கு இந்த வருஷம் இறைக்காமல் விடுவது பாவம். இறைப்பதா வேண்டாமா? ஆடி அமாவாசைக்கு ஆற்றுப் பக்கமே வரவில்லை. சோறும் பாதியாகக் குறைந்தது. நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்கு வாங்கப்போகும் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க என்னை ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். "புரட்டாசி அமாவாசைக்குள்ள பாத்துட்டு வந்து சொல்லு. அவன்தானான்னு கேளு. ரெண்டாவது சுத்துல ஏன் சுடலைன்னும் கேளு" என்றார்.

எனக்கு முதல் கேள்வியைப் பற்றிக் கவலையில்லை. பயமெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். 'உங்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்' என்று அந்தக் கிழவர் சொல்லிவிட்டால் அதை எந்த முகத்தோடு அப்பாவிடம் சொல்வது? அப்பா தாங்கமாட்டார். போகாமலேயே 'ஆள் கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இயந்திர வேலை இரண்டு நாளில் முடிந்தது. அந்தத் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் கறுப்பு ரொட்டியும் குளிர்ந்த பன்றி இறைச்சியும்தான். என்ன கேட்டாலும் உருளைக்கிழங்கைக் காட்டினார்கள். மேலாளர் என் தட்டைப் பரிதாபமாகப் பார்த்து, தன் பங்கு ஊறுகாய் வெள்ளரிக்காயை எனக்குத் தள்ளினார். எல்லா நாட்டிலும் ஊறுகாயைத் தருகிறவன் நல்லவன்.

டோர்ட்மண்டுக்கு ரயில் ஏறியபோது இந்த நாட்டு ஒழுங்கை மெச்சிக்கொண்டே கண்ணயர்ந்தேன். விழித்தபோது பலகையில் நான் கேள்விப்படாத ஊர்களாக வந்தன. எதிரே கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஒரு ரொட்டியைப் பிய்ப்பதுபோல் காட்டினார். நடுவழியில் ரயிலை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிடுவார்களாம், நான் தப்பான பாதியில் உட்கார்ந்திருந்தேன். ஈரோட்டிலும் பெட்டி கழற்றுவார்கள். ஆனால் டீ குடிக்க நேரம் கொடுத்து, பக்கத்து சீட்டுக்காரர், போர்ட்டர், வடை விற்பவர் என்று ஊரே கத்திச் சொன்னபிறகுதான் கழற்றுவார்கள். இங்கே ஒலிபெருக்கியில் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள். நான் நாசூக்காகத் தூங்கியிருக்கிறேன்.

அந்த அம்மாளே தன் கைபேசியைக் கொடுத்தார். ஜெயசீலன் பதறவில்லை. "அடுத்த ஸ்டேசனிலை இறங்குங்கோ அண்ணை. இறங்கி அங்கையே நில்லுங்கோ. ஒரு இடமும் அசையாதேங்கோ, நான் காரிலை வாறன்" என்றார். குழந்தைக்குச் சொல்வதுபோல இருந்தாலும் கேட்க நிம்மதியாக இருந்தது.

நாற்பத்தைந்து வயசிருக்கும் ஜெயசீலனுக்கு. இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் அவர் மனைவி மெற்றில்டா புட்டும் மீன் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தார். நான் மூன்றாம் முறை புட்டு வாங்கியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் பானையையே என் பக்கத்தில் வைத்துவிட்டார். சாப்பாட்டின் நடுவே ஜெயசீலனிடம், முதலாளி போர் விமானி என்று தெரிந்தபோது எப்படி இருந்தது என்று சும்மா கேட்டேன். தெரிந்த அன்றைக்கே வேலையை விடத்தான் நினைத்தாராம். ஊரில் விமானச் சத்தம் கேட்டாலே பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஓடிப் பழகியவர் அவர்.

"பிறகு ஏன் விடலை?" என்றேன்.

"ஷெஃப் தானாத்தான் சொன்னவர், தான் மேலை இருந்து ஆக்களைச் சுட்டவர் எண்டு. ஒளிக்கேல்லை. எங்கட மேலை குண்டு போட்டவங்கள் ஒருத்தரும் கீழை இறங்கி வந்து அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை."

முதலாளியை இங்கே ஷெஃப் என்கிறார்கள். அதன்பிறகு எட்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தாராம்.

மறுநாள் கடைக்குப் போனோம். கண்ணாடி முழுக்க உள்ளே பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால் நாற்காலிகள் மேசைமேல் தலைகீழாகக் கிடந்தன. இங்கே இத்தாலிய ஐஸ்கிரீம் கடைகளைக் குளிர் தொடங்கியதும் மூடிவிட்டு வசந்தத்தில்தான் திறப்பார்களாம். ஆனால் இது ரொம்பச் சீக்கிரம் என்று ஜெயசீலன் முணுமுணுத்தார். பக்கத்து பேக்கரியில் விசாரித்தார். மாவு படிந்த கைகளோடு வந்த பெண் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. இப்போது கடையை நடத்தும் ஷெஃப்பின் மருமகன், அதாவது தங்கை மகன், போன வாரமே இத்தாலிக்குப் போய்விட்டார். கிழவரைக் கோடையில் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை.

ஜெயசீலன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மூடிய கதவின் முன்னால் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது துக்கமில்லை. 'அப்பாடா, இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டாம்' என்பதுதான். அடுத்த நிமிஷமே அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவனா இல்லையா என்று தெரியாமலே எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப்போகிறார். வீட்டுக்கு வந்ததும் மெற்றில்டா ஞாயிறு பூசையில் ஷெஃப்பின் ஆன்மாவுக்கு வேண்டிக்கொள்ளும்படி பாதிரியாரான சுவாமியிடம் சொல்ல போனை எடுத்துவிட்டார். எதற்கும் இத்தாலியில் மருமகனைக் கேட்டுவிட்டுச் சொல்லலாமே என்று நான்தான் தடுத்தேன். எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் அவசரப்பட்டிருக்கிறார் அல்லவா?

மருமகன் மறுநாள் காலையில்தான் கிடைத்தார். ஜெயசீலன் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கிழவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கடைக்கு மேலேயேதான் இருக்கிறார். அழைப்பு மணி காதில் விழாது. முற்பகலில் பின்வாசல் வழியாகக் கடைக்குள் இறங்கி வருவார், யாரும் இல்லாத கடையில் இயந்திரத்தைத் துடைப்பார், அப்போது ஜன்னலைத் தட்டுங்கள் என்றார் மருமகன். மெற்றில்டா ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே, நல்ல வேளை, சுவாமியிடம் சொல்லவில்லை என்றார்.

சண்டை விமானி என்றதும் நான் ஓங்குதாங்கான ஆளை எதிர்பார்த்திருந்தேன். கதவைத் திறந்தவர் என் தோளுயரம்தான் இருந்தார். கம்பளிச் சட்டைக்கு மேல் ஏப்ரன், ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் துடைக்கும் துணி. அந்தக் கையின் தோல் வெந்து ஆறிய பளபளப்போடு இருந்தது. ஜெயசீலனைக் கண்டதும் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, இவர் சாப்பிட்டாரா என்று கேட்டார். எங்கள் ஊர்க் கேள்வி.

மேசையிலிருந்து மூன்று நாற்காலிகளை மட்டும் இறக்கினோம். கிழவர் வெனிலா ஐஸ்கிரீமை ஓர் அச்சில் வைத்து அழுத்தினார். நூல் நூலாக இறங்கியது. எங்கள் கொங்கு நாட்டுச் சந்தகையேதான். மேலே சிவப்பாக ஸ்ட்ராபெரி சாறு ஊற்றி, வெள்ளை சாக்லேட்டைத் துருவித் தூவினார். ஜெர்மனியில் பிள்ளைகள் உயிரை விடுகிற பண்டமாம். தேங்காய்ப்பால் இல்லாத குறை எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நான் ஜெயசீலனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அண்டாவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ நாமாக மூச்சு விடக்கூடாது. அவர் கதையை அவரே சொல்லட்டும். எடுத்துக் கொடுத்தால் வயசானவர்கள் மரியாதைக்கு ஆமாம் போட்டுவிடுவார்கள்.

பேர் அத்தீலியோ. அவருடைய அம்மா அவரைப் பாதிரியாராக்க ஆசைப்பட்டார், இவர் விமானத்தில் ஏறிவிட்டார். மேலே கூரை இல்லாத விமானம், எண்ணெய் முகத்தில் தெறிக்கும், கழுத்துத் துணி அழகுக்கில்லை, கண்ணாடியைத் துடைக்கத்தான் என்றார். எரித்திரியாவில் உதிரிப் பாகம் வராது. விழுந்த விமானத்திலிருந்து கழற்றி நிற்கிற விமானத்தில் மாட்டுவார்கள். காலையில் ஒன்றாகக் காபி குடித்தவர்களில் மாலையில் ஒரு கோப்பை குறையும். நான் சுட்டு விழுந்ததை என் கண்ணால் பார்த்தது மூன்று விமானம், ஊர்ப் பத்திரிகைக்காரன் அதைக் கூட்டிக்கொண்டான் என்றார். அதற்கு முதலில் ஒரு வெண்கலப் பதக்கம்.

"வெள்ளிப் பதக்கம்?" என்று ஜெயசீலன் மெதுவாக நூல் விட்டார்.

அது கடைசி நாளுக்கு என்றார். கணவாயில் இந்தியச் சிப்பாய்கள் பாறை உருட்டிக்கொண்டிருந்தார்கள். தாழ இறங்கிச் சுட்டேன். பெரிய வெள்ளை நீராவி குபுகுபுவென்று எழும்பியது. கவச வண்டியின் ரேடியேட்டர்தான் என்று நினைத்தேன். பின்னால் உயரத்தில் வந்த என் கூட்டாளியும் அதைப் பார்த்தான். அவன் திரும்பிப் போய் இரண்டு செய்தி சொன்னான், அத்தீலியோ கவச வண்டியை அழித்தான், அத்தீலியோ செத்துப்போனான். அதற்குத்தான் வெள்ளிப் பதக்கம்.

என் கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. "அது வண்டி இல்லை. சோறு" என்றேன்.

ஜெயசீலன் என் முகத்தைப் பார்த்து, உறுதியா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு மொழிபெயர்த்தார். கிழவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்து, இருமி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"அந்தச் சோத்துக்கு என்ன கறி எண்டு கேக்கிறார், அண்ணை."

பருப்பு என்றேன். இத்தாலிக்காரர் அதற்கும் மனப்பூர்வமாக வருத்தப்பட்டார். அப்படியானால் அங்கே இருந்தவர் யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். உங்கள் விமானத்தைச் சுட்டவரும் அவர்தான். கிழவர் தன் வெந்த கையை ஒரு முறை பார்த்துக்கொண்டு, நல்ல குறி, எண்ணெய்க் குழாயைச் சரியாக அடித்தார் என்றார். குரலில் கோபம் இல்லை. ஓடை மணலில் இறக்கி, முழுசாக எரிவதற்குள் வெளியே குதித்து, மாலையில் பிடிபட்டாராம். அங்கிருந்து கப்பலில் பெங்களூர்க் கைதி முகாமுக்கு. அங்கே கைதியாக இருந்த ஐஸ்கிரீம்காரன் ஒருவன் எருமைப் பாலில் தொழிலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். என்னோடு காபி குடித்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை, நான் ஐஸ்கிரீம் விற்கிறேன் என்றார்.

இனி தள்ளிப்போட முடியாது. இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். மறுபடி வந்தபோது ஏன் சுடவில்லை?

கிழவர் துடைக்கும் துணியை எடுத்து மேசையில் இல்லாத கறையைத் துடைத்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார். ஜெயசீலன் அதைத் தமிழில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இதை உங்கட அப்பாவிட்டைச் சொல்லலாமோ தெரியேல்லை."

"சொல்லுங்க."

"தான் சுட்டவராம். ரெண்டு கையாலையும் பொத்தானை அமத்தினவராம். துவக்கு இறுகிப்போச்சு. இரக்கத்திலை விட்டனான் எண்டு சொன்னால் உங்களுக்கு நல்லா இருக்கும், ஆனால் பொய் சொல்ல ஏலாது எண்டு சொல்றார். மன்னிக்கட்டாம்."

நான் எழுந்துபோய் அந்தக் கிழவரின் வெந்த கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். நன்றி, நன்றி என்று தமிழிலேயே சொன்னேன். இரக்கப்பட்டு விட்டவனை அப்பா சுடவில்லை என்று தெரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அப்பாவைக் கொல்லப் பார்த்தேன் என்று ஒருவர் சொல்கிறார், மகன் கையைப் பிடித்து நன்றி சொல்கிறான். இந்தியர்களுக்கு மூளை பிசகு என்று நினைத்திருப்பார். ஜெயசீலனுக்கு மட்டும் புரிந்தது. அவர்தான் எள்ளும் தண்ணீரும் பற்றி எல்லாவற்றையும் விளக்கினார்.

அத்தீலியோ கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார். தன் அம்மாவும் தான் செத்ததாக நினைத்து ஊர்க் கோயிலில் பூசை வைத்துக்கொண்டிருந்தார், கைதியாக இருக்கிறான் என்று கடிதம் வந்ததும் நிறுத்தினார் என்றார். உங்கள் அப்பாவுக்கும் ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டார். ஆயுசு குறைந்திருக்குமோ என்று அவர் பயப்படுகிறார் என்றேன். எண்பத்தெட்டு வயசு, குறைந்தது போதும், குறையாமல் இருந்திருந்தால் இந்த இடுப்போடு என்ன செய்வது என்று கேட்டார்.

கடை போனிலிருந்தே பவானிக்குப் பேசினேன். அங்கே சாயங்காலம். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். அவனேதான், அண்டாவை வைத்துத் தெரிந்தது என்றேன். ம் என்றார். சுட்டானாம் அப்பா, இரண்டாவது தடவையும் சுட்டானாம், துப்பாக்கி சிக்கிக்கொண்டதாம் என்றேன்.

"சிக்கிக்கிச்சுன்னா சொன்னான்? மறுக்காக் கேளு."

மறுபடி கேட்டேன். கிழவர் இரண்டு கட்டைவிரல்களையும் காற்றில் அழுத்திக் காட்டினார். ஆமாம் என்றேன். அப்பா மூச்சு விட்டது அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது. பிறகு யாரிடமோ, காப்பி கொண்டா, கூட ஏதாச்சும் இருந்தா அதையும் கொண்டா என்று சொன்னதும் கேட்டது.

இந்த வருஷம் இறைக்க வேண்டாம் என்று நான் முடிக்கப்போனபோது அத்தீலியோ என் சட்டைக் கையை இழுத்தார். ஜெயசீலனிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தனக்குப் பிள்ளையள் இல்லையாம். மனிசியும் போயிட்டா. ஒரேயடியா நிப்பாட்ட வேண்டாமாம். தான் செத்தாப் பிறகு அந்தத் தண்ணி தனக்கு வேணுமாம். உங்கட அப்பா முந்திப் போயிட்டால், இவர் அவருக்குக் கோயிலிலை பூசை குடுப்பாராம்."

அப்படியே அப்பாவிடம் சொன்னேன். "பேரு என்னன்னு கேளு. அவங்கப்பன் பேரும் கேளு. ஐயரு கேப்பாரு" என்றார்.

நான் போனைக் கிழவரிடமே கொடுத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தன் பேரைச் சொன்னார், பிறகு தன் அப்பா பேரைச் சொன்னார். அத்தீலியோ, பியெத்ரோ. அந்தப் பக்கம் அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வது எனக்குக் கேட்டது. அறுபது வருஷம் தெரியாது, தெரியாது என்று சொல்லிய வாய். சரியாகச் சொன்னதும் இத்தாலிக்காரர் தலையாட்டிவிட்டு போனை என்னிடம் நீட்டினார்.

"எழுதிக்கிட்டேன்" என்றார் அப்பா. "ஆனா அவசரம் ஒண்ணுமில்லைன்னு அவன்கிட்ட சொல்லு."